பீட்டுச் சர்க்கரை ஆலையும் நம் கொடியடுப்பும்

(ஆண்டு விழாவை ஒட்டி நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)



இவ்வரிசையில் நமக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் இலக்கியம் பேசினார்கள், இசை பேசினார்கள். சரக்கு அலுவலகத்தில் வேகன் கணக்கு எழுதும் நாம் சர்க்கரை ஆலையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தபோதே சிலர் முகம் சுளித்தனர். அதிலும் இந்நாட்டில் மிக அரிதாகிய பீட்டுச் சர்க்கரை ஆலை என்றபோது நம் இல்லத்தாரே நகைத்தனர். ஆயினும் இப்பொருளை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு.

நம் காலனியின் மாடியில் நின்று இருப்புப்பாதைக்கு அப்பால் நோக்கினால் ஒரு கரும்பாலையின் புகைபோக்கி தெரியும். கார்த்திகையில் புகையத் தொடங்கினால் பங்குனி வரையில் ஓயாது. அதன் முற்றத்தில் மலைபோலக் குவிந்து கிடக்கும் சக்கையை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கரும்பின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சக்கையாய் வெளிவருகிறது. அச்சக்கையே சாற்றைக் காய்ச்சும் விறகாகிறது. ஆலைக்காரர் விறகு தேடிப் போக வேண்டுவதில்லை. கரும்பு தன் அடுப்புக்கு வேண்டியதைத் தானே தலையிற் சுமந்துகொண்டு வருகிறது.

பீட்டுக் கிழங்குக்கு இப்பேறு இல்லை. சாறு எடுத்தபின் எஞ்சும் கிழங்குத் துருவல் சோற்றுக் கஞ்சி போல ஈரம் நிறைந்தது. மாட்டுத் தீவனத்துக்குச் சிறந்தது. அடுப்பிலிட்டால் அடுப்பே அணைந்து போகும். ஆதலின் பீட்டு ஆலை எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் முழுதும் விலை கொடுத்து வாங்கியவை. அந்த ஆலையார் ஒவ்வொரு கிலோ நீராவிக்கும் கணக்குக் கேட்கலாயினர். இல்லாதவன் இவ்வாறு கற்றுக்கொண்ட சிக்கனத்தை, உள்ளவன் எத்தனை காலம் கழித்துக் கற்றான் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

முதலில் கிழங்கைப் பற்றிச் சில சொற்கள். பீட்டு என்றதும் தாய்மார்கள் பொரியலுக்கு நறுக்கும் சிவந்த கிழங்கை நினைப்பீர்கள். இஃது அதன் உடன்பிறப்பே. ஆனால் வெண்ணிறம், முள்ளங்கி போல் கூர்ந்த அடி, ஒவ்வொன்றும் அரை கிலோவுக்கு மேல் எடை. நம் சர்க்கரைவள்ளிக்கும் இதற்கும் உறவு இல்லை. இதில் உள்ள சர்க்கரையும் கரும்பில் உள்ள சர்க்கரையும் ஒன்றே என்று 1747-இல் பெர்லின் நகரத்து மார்கிராஃப் என்னும் வேதியியலார் கண்டார். அவருடைய மாணவர் ஆக்கார்டு என்பவர் சைலீசியாவில் குனெர்ன் என்னும் ஊரில் 1801-இல் முதல் ஆலையை நிறுவினார். நெப்போலியன் காலத்துப் போரில் கடல்வழிச் சர்க்கரை நின்றுபோகவே பிரெஞ்சு நாடு இதனைப் பெரிதும் வளர்த்தது. இன்று ஜெர்மனி, பிரான்சு, போலந்து, ரஷ்யா முதலிய குளிர்நாடுகளில் இதுவே சர்க்கரைப் பயிர். நம் நாட்டிலும் ராஜஸ்தானத்து ஸ்ரீகங்காநகரில் சென்ற நூற்றாண்டில் கரும்போடு பீட்டிலிருந்தும் சர்க்கரை எடுத்தார்கள்.

அந்நாடுகளில் புரட்டாசி வாக்கில் அறுவடை தொடங்கும். அதன்பின் மூன்று நான்கு மாதம் ஆலை இரவு பகல் நில்லாமல் ஓடும். கிழங்கைக் கழுவி, மெல்லிய கீற்றுகளாகச் சீவி, 70 டிகிரி அளவான வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்குகிறார்கள். அச்சாற்றில் சுண்ணாம்பு கலந்து, பின் கரியமில வாயுவைச் செலுத்தி, அழுக்கைப் படியவைத்து வடிகட்டுகிறார்கள். இப்போது கையில் இருப்பது தெளிந்த, பொன்னிறமான, ஆனால் தண்ணீர் போன்ற சாறு. இதனைச் சுண்டவைத்துப் பாகாக்க வேண்டும். பின் பாகை வெற்றிடக் கொப்பரையில் இட்டு மணிமணியாக உறையச் செய்ய வேண்டும். ஆலையின் எரிபொருளை விழுங்குவது இந்தச் சுண்டவைக்கும் வேலையே.

எவ்வளவு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவரிடம் கணக்கைத் தவிர வேறென்ன கிடைக்கும்! 100 கிலோ கிழங்கிலிருந்து ஏறத்தாழ 115 கிலோ சாறு வரும் என்று கொள்க. அதில் கரைந்துள்ள பொருள் 15 விழுக்காடு. அதாவது 17 கிலோவுக்குச் சற்று அதிகம். அது 70 விழுக்காட்டுப் பாகு ஆகும்வரை சுண்டினால் ஏறத்தாழ 25 கிலோ எஞ்சும். மீதி 90 கிலோவும் தண்ணீர். அத்தனையும் ஆவியாகப் போக வேண்டும்.

இங்கே ஒரு செய்தி. ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 80 கிலோ கலோரி வெப்பம் போதும். ஆனால் கொதிக்கும் அந்த ஒரு கிலோவை முழுதும் ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். கொதிக்கவைக்கும் செலவைப் போல ஏழு மடங்கு, கொதித்ததை வற்றவைப்பதற்குச் செலவாகிறது. ரசம் கொதிப்பதற்கும் பால் சுண்டித் திரட்டுப்பால் ஆவதற்கும் இடையே சிலிண்டர் எவ்வளவு இறங்குகிறது என்பதைத் தாய்மார்கள் நம்மைவிட நன்கு அறிவர்.

90 கிலோ தண்ணீரை வற்றவைக்க நேராக நீராவியைச் செலுத்தினால் ஏறத்தாழ 90 கிலோ நீராவி வேண்டும். நல்ல நிலக்கரி ஒரு கிலோவுக்கு 7 கிலோ நீராவி கிடைக்கும் என்று வைத்தால், அதற்கு 13 கிலோ நிலக்கரி. அக்கிழங்கில் கிடைக்கும் சர்க்கரையோ 14 அல்லது 15 கிலோ. ஒரு மூட்டை சர்க்கரைக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை நிலக்கரி! நாளைக்கு 10,000 டன் கிழங்கு அரைக்கும் ஆலை என்றால் நாள்தோறும் 1,300 டன் நிலக்கரி வந்து இறங்க வேண்டும். வேகனுக்கு 60 டன் என்று கொண்டால் 22 வேகன். எந்த ஆலை இதைத் தாங்கும்?

இதற்கு விடை கண்டவர் யார் என்று சொல்லுமுன் நம் பாட்டிமார் சமையலறைக்கு ஒருமுறை போய் வருவோம். கொடியடுப்பு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரிய அடுப்பை ஒட்டி, ஒரு துளை வழியாக அதனோடு சேர்ந்த சிறிய அடுப்பு. அதற்குத் தனி விறகு கிடையாது. பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும். அதில் மிஞ்சிய அனல் துளை வழியே வந்து கொடியடுப்பில் குழம்பைச் சூடாக வைத்திருக்கும் அல்லது வெந்நீர் காயும். வெந்நீர்ச் செம்பைப் பெரிய அடுப்பில் ஏற்றிய மருமகள் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். சோற்றுக்கு வேண்டிய கடுஞ்சூடு வெந்நீருக்கு வேண்டுவதில்லை என்னும் பேரறிவு அவ்வசையில் அடங்கியிருந்தது.

இனி அமெரிக்க நாட்டுக்குச் செல்வோம். தென்பகுதியில் லூசியானா என்னும் மாநிலம் கரும்புக்குப் பேர்போனது. சென்றதற்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சாறு காய்ச்சிய முறைக்கு ஜமைக்கா வரிசை என்று பெயர். பெரிதும் சிறிதுமான திறந்த கொப்பரைகள் வரிசையாக எரியடுப்பின்மேல் இருக்கும். கொதிக்கும் சாற்றை நீண்ட அகப்பையால் மொண்டு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஊற்ற வேண்டும். ஊற்றியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். இரவெல்லாம் அவ்வெக்கையில் நின்று, கண் சோர்ந்த ஒரு கணத்தில் கொதிபாகு மேலே தெறித்து வெந்தவர் எத்தனையோ பேர். ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் எழுந்த ஆவி கூரை வழியே வானுக்குப் போயிற்று. மனித உடலும் விறகும் ஒருங்கே வீணான இடம் அது.

அம்மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1806-ஆம் ஆண்டு நார்பர்ட் ரில்லியூ பிறந்தார். தந்தை வெள்ளையர்; தாய் கறுப்பினக் கலப்புடைய பெண்மணி; அடிமை அல்லர். ஆகவே மகனும் சட்டப்படி சுதந்திரர். ஆனால் வெள்ளையர்க்குச் சமமானவர் அல்லர். தந்தை மகனைப் பாரிஸ் நகரத்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். 24 வயதிலேயே அங்குள்ள மத்தியப் பொறியியற் பள்ளியில் நீராவி எஞ்சினைப் பற்றிப் பாடம் சொல்லும் ஆசிரியரானார். பின் தாய்நாடு மீண்டு, 1843-இலும் 1846-இலும் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

அவர் செய்தது இது. சாற்றை மூடிய கலங்களில் இட்டார். முதற் கலத்துக் குழாய்களுக்கு மட்டும் புது நீராவி. அங்கே சாறு கொதித்து எழும் ஆவியை வானுக்கு விடாமல் இரண்டாம் கலத்தின் குழாய்களுக்குச் செலுத்தினார். இரண்டாம் கலத்தில் எழும் ஆவி மூன்றாம் கலத்தை எரிக்கும். இவ்வாறே மேலும் செல்லும்.

உடனே ஒரு வினா எழும். முதற் கலத்து ஆவி முதற் கலத்துச் சாற்றின் சூடு அளவே இருக்கும். அதைக் கொண்டு அடுத்த கலத்துச் சாற்றைக் கொதிக்கவைப்பது எப்படி? விடை நம் நீலகிரியில் உள்ளது. உதகமண்டலத்தில் பருப்பு வேகத் தாமதமாகும் என்பதை அங்கே குடியிருந்தவர் அறிவர். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ரில்லியூ ஒவ்வொரு கலத்தையும் முன்னதைவிடச் சற்று உயர்ந்த மலைமேல் வைத்தது போலச் செய்தார். அதாவது அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தார். ஆகவே அடுத்த கலத்துச் சாறு சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதித்தது. முன் கலத்தில் வேலை முடித்த ஆவி அதற்குப் போதுமானதாயிற்று. வெப்பம் எங்கும் தொலைந்து போகவில்லை. அதன் சூடு மட்டும் படிப்படியாக இறங்கியது. இந்த இறக்கத்தை ஒரே தாவலில் வீணாக்காமல் படிக்கட்டாக்கியதே அவர் கண்ட சூழ்ச்சி.

ஐந்து கலம் வைத்தால் ஒரு கிலோ நீராவி ஐந்து கிலோ தண்ணீரை வற்றச் செய்யும் என்பது அவர் பெயரால் வழங்கும் முதல் விதி. நாம் முன்னர்ப் போட்ட கணக்கில் 90 கிலோ நீராவி 18 கிலோவாகச் சுருங்கும். 22 வேகன் நிலக்கரி ஐந்து வேகனுக்குள் அடங்கிவிடும். அகப்பையோடு நின்ற அடிமைகளின் வேலையும் இக்கருவியால் இல்லாதொழிந்தது. ஆனால் அடிமைத்தனம் அதனால் ஒழியவில்லை. கருவியை வாங்கியவர்களும் தோட்டத்து முதலாளிகளே என்பதை மறைப்பதற்கில்லை.

அவருக்குக் கிடைத்தது என்ன? கருவியை அமைத்துக் கொடுக்கச் சென்ற தோட்டங்களில் அம்முதலாளிகளோடு சமமாக அமர அவருக்கு இடமில்லை. 1850-களில் அந்நகரத்துச் சுதந்திரக் கறுப்பினத்தார்மேல் கட்டுப்பாடுகள் இறுகின. அவர் பாரிஸுக்கே திரும்பிப் போனார். அங்கே சிலகாலம் தொழிலையே விட்டு எகிப்தியரின் பழைய சித்திர எழுத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்று அறியும்போது நமக்கு என்னவோ செய்கிறது. அதற்குள் ஐரோப்பியப் பீட்டு ஆலைகள் அவருடைய முறையை அரைகுறையாகப் படியெடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. 1881-இல், தமது 75-ஆம் வயதில், அவர் மீண்டும் ஆலைக்கு வந்து, பீட்டுச் சாற்றைச் சூடாக்குவதற்கு உரிய முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1894-இல் பாரிஸில் காலமானார். நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவர் கண்டுபிடிப்புக்கு அமெரிக்க வேதியியல் கழகம் தேசிய வரலாற்றுச் சிறப்பு அளித்தது 2002-இல். கணக்குப் பாருங்கள்: காலமாகி 108 ஆண்டு!

அவருடைய இரண்டாம் விதியைத்தான் நாம் மிகவும் விரும்புகிறோம். அது அப்படியே மாமியார் விதி. ஆலையில் சூடாக்க வேண்டியவை பல உண்டு: குளிர்ந்த சாறு, சுண்ணாம்பிட்ட சாறு, கொப்பரையில் உறையும் பாகு. இவை எல்லாவற்றுக்கும் புது நீராவியைத் திறந்துவிடாதே. கலங்களின் நடுவிலிருந்து, வேலைக்குப் போதுமான மிகக் குறைந்த சூட்டுள்ள ஆவியைக் கிள்ளி எடுத்துக்கொள் என்கிறது அவ்விதி. ஐந்து கலங்களில் மூன்றாவதிலிருந்து ஒரு கிலோ ஆவி எடுத்தால், புது நீராவியில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 600 கிராம் மிச்சம். ஐந்தாவதிலிருந்தே எடுத்தால் முழுக் கிலோவும் மிச்சம். எனவே, எவ்வளவு பின்னாலுள்ள கலத்திலிருந்து எடுக்க முடியுமோ அவ்வளவு ஆதாயம். வெற்றிடக் கொப்பரையில் பாகு 70 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதற்கு 130 டிகிரி ஆவியை விடுவது வெந்நீருக்குப் பெரிய அடுப்பை விடுவதே ஆகும்.

மூன்றாம் விதி, ஆவி சேரும் இடத்திலெல்லாம் காற்று முதலிய வாயுக்கள் தங்காமல் வெளியேற வழி வைக்க வேண்டும் என்பது. குக்கரில் ஆவி பீறிட்டு வந்தபின்னரே வெயிட்டைப் போடுகிறோம் அல்லவா? உள்ளே காற்று தங்கினால் ஆவி தொட வேண்டிய இடத்தைக் காற்று போர்வைபோல் மூடிக்கொள்ளும். பெரிய ஆலைகளிலும் இச்சிறு துவாரத்தைக் கவனியாமையால் வீணாகும் எரிபொருள் கொஞ்சமன்று.

கலங்களை இருபது, முப்பது என்று அடுக்கிக்கொண்டே போகலாமே என்பீர்கள். போக முடியாது. மேல்படியில் 130 டிகிரியைத் தாண்டினால் சர்க்கரை நிறம் மாறிச் சிதையத் தொடங்கும். கீழ்ப்படியில் ஏறத்தாழ 90 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த ஆவியால் வேறு பயன் குறையும். இந்த 40 டிகிரி இறக்கத்துக்குள்தான் படிகள் அமைய வேண்டும். படி கூடக்கூட ஒவ்வொரு படியின் உயரமும் குறையும். குறைந்த உயரத்தில் வெப்பம் பாய வேண்டுமாயின் குழாய்ப் பரப்புப் பெருக வேண்டும், செலவு ஏறும். சாறு குழாயின் உட்சுவரில் மெல்லிய திரையாக வழிந்து இறங்கும் கலங்கள் வந்தபின்னர் மிகச் சிறிய சூட்டு வேறுபாடும் போதுமானதாயிற்று. சாறு கலத்தில் தங்கும் நேரமும் குறைந்தது. இன்று ஐரோப்பாவில் ஐந்து, ஆறு படிகளும் உண்டு. குழாயில் படியும் உப்புக்கல் வேறு ஒரு தொல்லை. இவ்வூர்த் தண்ணீரில் நம் கெய்சரில் படிவதைப் பார்த்தவர்க்கு விளக்கம் வேண்டா.

ஒரே ஆவியை இருமுறை வேலை வாங்கும் கருவி நம் ரயில்வேயிலேயே இருக்கிறது. சாதாரண நீராவி எஞ்சின் ஆவியை ஒருமுறை பயன்படுத்திப் புகைபோக்கி வழியே ஊதிவிடும். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் எக்ஸ் வகை எஞ்சினில், பல்சட்டப் பாதையில் ஏறும்போது, முதல் உருளையில் சக்கரத்தைச் சுழற்றிய ஆவி அடுத்த உருளைக்குள் சென்று பல்சக்கரத்தையும் சுழற்றிவிட்டே வெளிவரும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தார் வகுத்த எஞ்சின் அது. மலை ஏறும்போது கரியும் நீரும் சுமையே. ஆகவே அங்கும் தேவையே சிக்கனத்தைக் கற்பித்தது.

பீட்டு ஆலைகள் அதையும் தாண்டின. கொதிகலத்தில் மிக உயர்ந்த அழுத்தத்தில் நீராவி எழுப்பி, முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே களைத்து வெளிவரும் ஆவிதான் முதற் கலத்துக்குப் போகும் ‘புது’ ஆவி! தனி மின்நிலையங்களில் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்கு மேல் குளிர்கோபுரத்தின் வழியே காற்றில் கலக்கிறது. பீட்டு ஆலையிலோ டர்பைனின் கழிவே ஆலையின் உணவு. இதில் ஒரு முரண்பாடும் உண்டு. ஆலை ஆவியை மிகவும் மிச்சம் பிடித்தால் டர்பைன் வழியே செல்லும் ஆவி குறைந்து மின்சாரம் பற்றாமற் போகும். ஆகவே ஆவியைக் குறைப்பவர் மோட்டார்களின் மின்செலவையும் கூடவே குறைத்தாக வேண்டும். அல்லது கொதிகலத்து அழுத்தத்தை உயர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சிக்கனம் செய்தால் மறுபக்கம் இடிக்கும். குடும்ப வரவுசெலவு பார்ப்பவர்கள் இதைக் கேட்டுப் புன்னகைப்பது தெரிகிறது.

1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் இச்சிக்கனம் இன்னும் கடுமையாயிற்று. கலங்களில் ஆவி உறைந்து கிடைக்கும் வெந்நீரைக்கூட வீணாக்காமல், வரும் சாற்றைச் சூடாக்கவும் கிழங்கை ஊறவைக்கவும் பயன்படுத்துகிறார்கள். 100 கிலோ கிழங்குக்கு ஆலை முழுவதுக்குமாக ஏறத்தாழ 20 கிலோ நீராவியோடு நடத்தும் நிலை வந்திருக்கிறது.

இனி, சாறு போன துருவலின் கதை. பீட்டு ஆலையின் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இதை உலர்த்துவதே தின்றது. ஈரத் துருவல் நாலு நாளில் புளித்துவிடும். உலர்த்திக் கட்டியாக்கினால் ஆண்டு முழுதும் தீவனமாகும். ஆகவே உலர்த்தினார்கள். நெருப்புக் காற்றில் சுழலும் பெரிய உருளைகளில், கலங்கள் இன்றி, படிகள் இன்றி, ஒரே தாவலில் உலர்த்தினார்கள். ஆலையின் ஒரு மூலையில் ஒவ்வொரு கிலோ ஆவிக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டு, மறு மூலையில் வானத்தைச் சூடாக்கினார்கள்!

தீர்வு என்ன? துணி துவைப்பவர் யாரும் சொல்லிவிடுவர்: உலர்த்துமுன் பிழி. ஒரு கிலோ உலர்பொருள் உள்ள துருவலை 20 விழுக்காடு வரை பிழிந்தால் எடை 5 கிலோ. அதை 90 விழுக்காடு உலர்த்தினால் எஞ்சுவது 1.1 கிலோ, ஆவியாக வேண்டியது 3.9 கிலோ தண்ணீர். அதையே 30 விழுக்காடு வரை பிழிந்துவிட்டால் எடை 3.3 கிலோவே, ஆவியாக வேண்டியது 2.2 கிலோ. பத்து விழுக்காடு அதிகம் பிழிந்ததில் நெருப்பின் வேலை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. பிழிவதற்குச் செலவாகும் மின்சாரம் அதற்கு ஈடாகாத சிறு தொகை. ஐரோப்பிய ஆலைகள் பிழிபொறிகளைப் பெருக்கியதன் பொருள் இதுவே. 1980-களில் டென்மார்க்கு நாட்டில், துருவலை நீராவியிலேயே உலர்த்தி, அதிலிருந்து எழும் ஆவியை மீண்டும் சாறு காய்ச்சும் கலங்களுக்கே அனுப்பும் முறையும் வந்தது. அங்கும் கொடியடுப்பு!

இங்கிலாந்தின் விசிங்டன் என்னும் ஊரிலுள்ள பீட்டு ஆலை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் வெதுவெதுப்பான கழிவு வெப்பத்தையும் கரியமில வாயுவையும் பக்கத்துக் கண்ணாடி வீடுகளுக்குக் குழாய்வழி அனுப்பித் தக்காளி பயிரிட்டது. வேறு எதற்கும் உதவாத சூடு செடிக்கு உதவிற்று. ஹங்கேரி நாட்டின் கபோஷ்வார் ஆலையோ ஒரு படி மேலே சென்றது. துருவலை உலர்த்தவும் வேண்டா, விற்கவும் வேண்டா என்று 2007 முதல் அதைப் பெருந்தொட்டிகளில் புளிக்கவைத்து, நம் சாண எரிவாயு போன்ற வாயு எடுத்து, ஆலையின் எரிபொருள் தேவையில் பெரும்பகுதியை அதனாலேயே நிறைவு செய்துகொள்ளலாயிற்று. எரியாத சக்கை என்று 200 ஆண்டு ஒதுக்கிய பொருளே எரிபொருளாயிற்று. பீட்டும் ஒருவகையில் கரும்பாகிவிட்டது.

இதே காலத்தில் கரும்பாலைகள் என்ன செய்தன? எதிர்த்திசையில் நடந்தன என்றே சொல்ல வேண்டும். சக்கை மலைபோல் வந்துகொண்டிருந்தது. அதை வைக்க இடமில்லை. மிஞ்சினால் தீப்பிடிக்கும் அச்சம். ஆகவே கொதிகலம் மோசமாக இருப்பதே வசதியாக இருந்தது! குறைந்த அழுத்தம், கசியும் குழாய், போர்வையில்லாத கலம்; எதுவும் யாருக்கும் உறுத்தவில்லை. 100 கிலோ கரும்புக்கு 50 கிலோ நீராவி செலவிட்ட ஆலைகள் நம் நாட்டில் நிறைய. சக்கைக்கு விலை இல்லாதவரை ஆவிக்கும் விலை இல்லை.

விலை வந்தபோது நிலைமை மாறியது. கரூர்ப் பக்கத்தில் புகளூரில் அமைந்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியது. சர்க்கரை ஆலைகளிடம் சக்கையை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக வேறு எரிபொருள் கொடுக்கும் ஏற்பாடும் செய்தது. பின்னர் மிச்சச் சக்கையில் மின்சாரம் எடுத்து மின்வாரியங்களுக்கு விற்கும் வழி திறந்தது. அதன்பின்னரே பழைய கொதிகலங்களைக் கழற்றி, 67, 87, 110 என்று உயர்ந்த அழுத்தமுள்ளவற்றை அமைத்தார்கள். கலங்களின் நடுவிலிருந்து ஆவி எடுக்கும் ரில்லியூவின் இரண்டாம் விதி கரும்பாலை என்ஜினீயர்களின் மேசைக்கு மீண்டும் வந்தது. கரும்பு நாட்டில் பிறந்து, பீட்டு நாட்டில் வளர்ந்து, கரும்பு நாட்டுக்கே அது திரும்பியிருக்கிறது.

நம் காலனிக்கு எதிரிலுள்ள ஆலையின் முற்றத்தில் சக்கைக் குன்று நாம் இங்கு வந்த நாளில் இருந்ததைவிட இப்போது உயர்ந்து நிற்கிறது. முன்பு அதைக் கண்டால் குப்பை தேங்கிவிட்டது என்று எண்ணினோம். இவ்வளவும் படித்தபின், எரிக்காமல் மிச்சம் பிடித்தது அது என்று தெரிகிறது. அடுத்த முறை பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், புகைபோக்கியைக் காட்டாமல் அக்குன்றைக் காட்டுவார்களாக. தார்ப்பாய் போர்த்தியிருக்கும், இடப்புறம் பாருங்கள்.

செயலாளர் இரண்டாம் முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். திரைக்குப் பின்னால் நம் சிறுவர்கள் நாடக வேடத்தோடு காத்திருக்கிறார்கள். வினா உடையோர் நாடகத்துக்குப் பின் நம்மிடம் வருக.